பேர் போட வேண்டிய இடத்தில்

போன மாதம் கட்சி மேடைகளுக்குப் பாட்டு எழுதும் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். நான் எழுதிய பழைய சிந்துப் புத்தகங்களை எங்கெங்கோ அலைந்து சேர்த்து, சணல் போட்டுக் கட்டிக் கொண்டு வந்திருந்தார். என்னிடமே அத்தனை இல்லை. கட்டை அவிழ்த்து வரிசையாக அடுக்கிவிட்டுக் கேட்டார்:

"ஐயா, நாப்பத்தெட்டுல எழுதுனதுல வசவு கொஞ்சமா இருக்கு. போகப் போகக் காரம் ஏறிக்கிட்டே போகுது. அப்புறம் இந்தப் புத்தகத்தோட பட்டுன்னு நிக்குது. இதுக்குப் பெறகு ஒரு 'பாவி' கூடக் காணோம். போலீஸ்காரங்க மெரட்டுனாங்களா?"

இப்படிக் கேட்டவர்கள் பலர். பழனிக்கு மாலை போட்டபோது விட்டுவிட்டேன் என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். வயது ஆக ஆக வாய் அடங்கிவிட்டது என்று இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பொய். தம்பியிடமும் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக் கோப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். நான் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன்.

சிந்து என்றால் இன்றைக்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஓர் ஊரில் கொலை விழுந்தாலோ, பஸ் கவிழ்ந்தாலோ அதைப் பாட்டாகக் கட்டுவோம். எட்டுப் பக்கத்தில், மெல்லிய ரோஸ் தாளில் அச்சடித்து, சந்தை சந்தையாகப் பாடி விற்போம். நான் பாடுவேன். என் மச்சான் சுப்பையா கஞ்சிரா தட்டிப் பின்பாட்டுப் பாடுவான். கீரமங்கலம் சந்தையில் நான் தொண்டையைச் செருமினால் வெற்றிலைக் கொடிக்கால்காரன் பேரத்தை விட்டுவிட்டு வருவான். திருமயம் கோட்டைக்குக் கீழே பஸ் நிற்கும் இடத்தில் நான் பாடி, ஆட்கள் இறங்கி நின்று கேட்டு, டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்த கதை உண்டு. படித்தவர்கள் எழுதிய சிந்துகளும் அந்தக் காலத்தில் வந்தன. தாள் நன்றாக இருக்கும். கடலை மடிக்க உதவும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய், சென்னை ராஜ்யத்தோடு நாங்கள் சேர்ந்த வருஷத்தில் முதல் சிந்து எழுதினேன். அண்ணனைத் தம்பி வெட்டிய கதை. வெட்டியவனைப் 'பாவி' என்று எழுதியிருந்தேன். கூட்டம் கேட்டது, கலைந்தது. பாதிக் கட்டு விற்காமல் என் தலையிலேயே வீட்டுக்குத் திரும்பியது. மறுநாள் தெருக்குழாயில் இரண்டு பெண்கள் குடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. 'நாசமாப் போறவளே, நடுச்சந்தியில சாகுறவளே' என்று ஒருத்தி எடுத்தாளே ஒரு ராகம்! அதை அப்படியே பாட்டில் ஏற்றினேன். அடுத்த சந்தையில் கூட்டம் கை தட்டியது. அன்றைக்குத் தொழில் கற்றுக்கொண்டேன். எனக்கு வேறு குரு இல்லை. அந்த இரண்டு பெண்களும், நசுங்கிய ஒரு குடமும்தான்.

வசவுக்கு ஒரு தராசு வைத்திருந்தேன். திருடினவனுக்கு ஒரு சொல், வெட்டினவனுக்கு ஒரு சொல், பெற்றவளை அடித்தவனுக்கு அதற்கு மேலே ஒரு சொல். ஆண்களைத் திட்டுவதற்கு நாய், நரி, பேய் என்று சுற்றி வரவேண்டும். பெண்களைத் திட்டுவதற்கு ஊரே சொல் சேர்த்து வைத்திருக்கிறது. கை விட்டால் அள்ளலாம். அள்ளினேன். பொய் சொல்லவில்லை, பெருமையாகத்தான் அள்ளினேன்.

அச்சாபீஸ் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலால் மிதிக்கிற ஒற்றை அச்சு மிஷின் வைத்து, கல்யாணப் பத்திரிகையும் கருமாதிக் கடிதமும் அடித்துக் கொடுத்தவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து, அதற்குப் பதிலாகத் தையல் நூல் கட்டியிருப்பார். நான் பாட்டைச் சொல்லச் சொல்ல, தாளில் எழுதாமல் நேராக ஈய எழுத்தை எடுத்துக் கோப்பார். அந்த வேகம் வேறு எவருக்கும் வராது. கோத்து முடித்ததும் ஈரத் தாளில் ஒரு புரூப் எடுத்து, என்னை எதிரே நிற்க வைத்துப் படிப்பார். பாட மாட்டார். மளிகைச் சீட்டுப் படிப்பது போலப் படிப்பார்.

"மெட்டோட கேட்டா எல்லாம் நல்லாத்தான்ப்பா இருக்கும். மெட்டை உருவிட்டுப் பாரு. அப்பவும் வசவு சுட்டா, அதுதான் வசவு" என்பார்.

சுடவில்லை என்றால் இடுக்கியால் அந்தச் சொல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டுவிட்டு, "வேற கொண்டா" என்று பொடி டப்பாவைத் திறப்பார். நான் வேறு சொல் கொண்டு வரும்வரை மூக்கில் பொடி ஏறாது. விரல் நுனியிலேயே நிற்கும்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கோர்ட்டில் தீர்ப்பு வருகிறவரை, குற்றம் சாட்டப்பட்டவர் பேரை எழுதக்கூடாது. ஊர் பேரை எழுதலாம், செத்தவர் பேரை எழுதலாம். மற்றவர் பேர் வர வேண்டிய இடத்தில் ஒரு வசவைப் போட்டுவிட வேண்டும். "பேரு இல்லாத வசவு எவனையும் கடிக்காது. கேசு போட்டாலும் நிக்காது" என்பார். நானும் எனக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். சம்பவம் நடந்த ஊருக்குப் போவேன். டீக்கடையில் உட்கார்வேன், முடி வெட்டுகிற இடத்தில் உட்கார்வேன். எழவு வீட்டுக்குள் மட்டும் கால் வைக்க மாட்டேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் பாட்டு இளகிவிடும். இளகிய பாட்டைச் சந்தையில் எவன் கேட்பான்?

இந்த இரண்டு சட்டமும் சேர்ந்துதான் அந்த வினையைச் செய்தன.

குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். ஊரின் பேரை இப்போது எழுதவில்லை, ஏற்கெனவே ஒரு தடவை எழுதியதே போதும். ஐம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். வயலிலிருந்து வந்த ஒரு சம்சாரி, பெண்டாட்டி கையால் கம்மங்கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பொழுது சாயும் முன்னே உயிர் போய்விட்டது. அவனுடைய அண்ணன், கூழில் அரளி விதையை அரைத்துக் கலந்துவிட்டாள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தான். வீட்டுக் கொல்லையில் ஓர் அரளிச்செடி நின்றது. எங்கள் பக்கத்தில் அரளிச்செடி நிற்காத கொல்லையை இன்றுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. அவளைப் பிடித்துப் போய்த் திருச்சியில் அடைத்தார்கள்.

நான் போய் டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். திரும்பும் பஸ்ஸிலேயே பாட்டு வந்துவிட்டது.

கூழிலே நஞ்சைக் கரைத்தாளே – அந்த
அரளிமுண்டை நின்று சிரித்தாளே

அவள் சிரித்ததாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. கரைத்தாளே என்பதற்கு அடுத்து அதுதான் வாயில் வந்தது. முதலாளி மெட்டை உருவிப் படித்தார். 'அரளிமுண்டை' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தார். பொடி மூக்கில் ஏறியது.

"பேரு இல்லையே?"

"இல்லைங்க."

"சுடுதுப்பா" என்றார்.

சுட்டது. அந்தச் சிந்து போல நான் எழுதியதில் வேறு எதுவும் போனதில்லை. மூன்று தடவை அச்சடித்தோம். களையெடுக்கிற பெண்கள் பாடினார்கள். தட்டாங்கல் ஆடுகிற பிள்ளைகள் பாடினார்கள். நான் நடந்து போனால், 'அரளிமுண்டை கட்டுனவரு போறாரு' என்று கை காட்டினார்கள். தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் கேசு நடந்தது. வயிற்றில் இருந்ததை எடுத்துச் சோதித்தவர்கள் அதில் விஷமே இல்லை என்று எழுதிவிட்டார்கள். குடலில் வெகுநாளாகப் புண் இருந்து ஓட்டை விழுந்திருக்கிறது என்று டாக்டர் வந்து சாட்சி சொன்னார். அவளை விட்டுவிட்டார்கள். எனக்கும் சேதி வந்தது. 'நல்லது' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் புதுக்கோட்டைச் சந்தை. வெயில் ஏறி, காய்கறிக்காரர்கள் சாக்கைக் கூடாரமாகக் கட்டிக்கொண்டிருந்த நேரம். நான் புதிதாக எழுதிய வேறு ஒரு சிந்துவைப் பாடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"அதெல்லாம் இருக்கட்டும். அரளிமுண்டையப் பாடுங்கண்ணே!"

நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு என்ன, தொண்டை கேட்டதைக் கொடுக்கும். சுப்பையா கஞ்சிராவில் அந்த அடியைத் தட்டினான். முதல் வரியை எடுத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். தலையில் சும்மாடு, அதன் மேல் ஒரு மண்பானை. முப்பது வயது இருக்கும். பானையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்கதான் இந்தப் பாட்டக் கட்டுனவங்களா?"

"ஆமா தாயி."

"எம்பேரு என்னன்னு சொல்லுங்க பாப்பம்."

சுப்பையாவின் கை நின்றுவிட்டது. அவளுடைய ஊர்க்காரன் எவனோ சந்தையில் இருந்திருக்கிறான். 'ஏய், இவதான்டா, இவதான்டா' என்று பின்னால் முணுமுணுப்பு ஓடியது. நான் வாயைத் திறந்தேன். என்ன பேர் சொல்வேன்? அந்த டீக்கடையில் எல்லாவற்றையும் கேட்டேன். கூழில் உப்புப் போட்டாளா என்றுகூடக் கேட்டேன். பேரைக் கேட்கவில்லை. எழுதக்கூடாத பேரைக் கேட்டு என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

"பொன்னழகு" என்றாள். "எங்கப்பன் வச்ச பேரு."

"கோர்ட்டுல விட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன் தாயி. சந்தோஷம்."

"சந்தோஷந்தாங்க. ஊருக்குள்ள போனா சின்னப் பிள்ளைகளுக்குக்கூட எம்பேரு தெரியல. நீங்க வச்ச பேருதான் தெரியுது. எங்கையால ஒரு வாய்த் தண்ணி வாங்க மாட்டேங்குறாங்க. கூழு காச்சி விக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச பொழைப்பு. டவுனுல யாரு நம்மளக் கண்டான்னு இங்கிட்டு வந்தேன். இங்கயும் நிக்கிறீங்க."

அவள் பானை வாயில் கட்டியிருந்த துணியை விலக்கி, சொம்பில் கூழை மொண்டாள்.

"நான் சண்டைக்கு வரலைங்க. காசும் வேணாம். இந்த ஒரு சொம்பு கூழை இப்படியே நின்னு குடிங்க. எல்லாரும் பாக்கட்டும். கட்டுனவரே குடிச்சிட்டாருன்னு போயிச் சொல்லுவாங்க. அது போதும்."

நியாயமான பேச்சு. விஷம் இல்லை என்று படித்த டாக்டர் சொல்லியாயிற்று, ஜட்ஜ் எழுதியாயிற்று. எனக்கும் அது தெரியும். கையை நீட்டினேன். சொம்பின் விளிம்பு விரலில் பட்டது. மோர் கலந்த கூழின் வாடை வந்தது. அந்த நேரத்தில் என் காதில், என் குரலிலேயே, 'கூழிலே நஞ்சைக் கரைத்தாளே' என்று ஓடியது. கை பாதியிலேயே நின்றுவிட்டது.

எந்தச் சொல்லுக்கும் எதுகை வைத்திருந்த என் வாயில் வந்தது இதுதான்:

"இப்பத்தான் தாயி இட்லி சாப்பிட்டு வந்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பின்னால் எவனோ சிரித்தான்.

"கட்டுனவரே குடிக்கலடோய்!"

அவள் சொம்புக் கூழைப் பானையிலேயே திருப்பி ஊற்றினாள். ஒரு சொட்டு கீழே விழவில்லை. சும்மாட்டைச் சரிசெய்து, பானையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். தூக்கிவிடக்கூட யாரும் கை கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

மறுநாள் அச்சாபீசுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முதலாளி பொடி டப்பாவைத் திறந்தார். பொடி விரலிலேயே இருந்தது.

"பேரு போடாதேன்னு நாஞ் சொன்னது கேசுக்குப் பயந்துப்பா" என்றார். "பேரு போட்டிருந்தா அந்தச் சீமையில பத்துப் பொன்னழகு இருப்பாளுக. எவளோ ஒருத்தின்னு போயிருக்கும். நாம போட்டது அவ ஒருத்திக்குத்தான் பொருந்துது."

"விடுதலைச் சிந்து ஒண்ணு எழுதுறேங்க."

"விடுதலையாகி வந்தவளுக்கு எவன்ப்பா கூட்டம் கூடுவான்?"

ஆனாலும் தாள் எடுத்துக் கொடுத்தார். பொன்னழகு என்ற பேருக்கு, கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த பெரிய எழுத்தை அவரே பொறுக்கி வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வசவு இல்லாமல் எட்டுப் பக்கம் எழுதினேன்.

பொன்னழகு குற்றமற்ற பெண்ணென்று – நீதி
புகன்றது மன்றத்தில் நின்றின்று

இதைவிட நல்ல வரிகளை நான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் முதலாளி எதையும் பிடுங்கவில்லை.

திருமயத்தில் முதல் நாள் பாடினோம். பத்து வரி தாண்டியதும் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்.

"யாருங்க இந்தப் பொன்னழகு? எந்த ஊரு பிள்ளை?"

ஊரைச் சொன்னேன். விழித்தார். கூழ்க் கேசு என்றேன். விழித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் விழித்தார்கள். வேறு வழி தெரியவில்லை.

"அதாங்க... அந்த அரளிமுண்டைன்னு பாட்டு வந்துச்சே..."

"அட, அவளா!" என்று கூட்டம் முழுதும் முகம் மலர்ந்தது. "அதப் பாடுங்க, அதப் பாடுங்க!"

மூன்று சந்தைகளில் இதே கதை. பேரைச் சொன்னால் ஆள் தெரியவில்லை. ஆளைத் தெரிய வைக்க வசவைச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது சந்தை முடிந்ததும் சுப்பையா கஞ்சிராவைப் பைக்குள் போட்டான்.

"மச்சான், நாம அவ மேல ஒட்டுன பேரத் தொடைக்கல. மறந்தவனுக்கும் ஞாபகப்படுத்திக்கிட்டுத் திரியிறோம். போதும், விடுங்க."

விட்டேன். விடுதலைச் சிந்து கட்டுக் கட்டாக முதலாளியின் பரணில் கிடந்தது. பழைய பாட்டை இனி அடிப்பதில்லை என்று நாங்கள் எழுத்தைக் கலைத்துப் போட்டோம். வெளியூரில் எவனோ அதை எடுத்து, என் பேரையும் போட்டு, பச்சைத் தாளில் அடித்து விற்றான். சந்தையில் ஒருவன் அதை என்னிடமே நீட்டிக் கையெழுத்துக் கேட்டான்.

அதற்குப் பிறகும் ஆறேழு வருஷம் எழுதினேன். பஸ் கவிழ்ந்ததை எழுதினேன், மழை பொய்த்ததை எழுதினேன், கிணறு இடிந்து ஆட்கள் புதைந்ததை எழுதினேன். ஓர் ஊருக்குப் போனால் முதலில் பேரைக் கேட்பேன். எழவு வீட்டுக்குள்ளும் போவேன். பாட்டு இளகித்தான் போயிற்று. கூட்டமும் இளகிப் போயிற்று. தொண்டையும் தேய்ந்தது. ஒரு நாள் கீரமங்கலத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து பாடவில்லை. தம்பி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னும் ஒன்று இருக்கிறது. திருமயத்துக்குப் பிறகு, அதே வருஷம், நான் அவள் ஊருக்குப் போனேன். டீக்கடையில் உட்காரவில்லை. வீடு எது என்று கேட்டேன். பொன்னழகு வீடு என்றுதான் கேட்டேன். வழியில் நின்றவன் யோசித்தான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கடைசியில் அவனே ஊர்க்கோடியைக் காட்டினான்.

உச்சி வெயில். அவள் வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்டை வீடுகளில் ஆள் இல்லை. எல்லாரும் காட்டுக்குப் போயிருந்தார்கள்.

"ஒரு சொம்பு கூழு குடு தாயி" என்றேன்.

உள்ளே போய்க் கொண்டு வந்தாள். கையில் கொடுத்தாள். நின்றபடியே குடித்தேன். நல்ல புளிப்பு. உப்பு மட்டும் ஒரு கல் கூட.

அவள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள். கொல்லைப் பக்கம் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"இங்க யாருங்க பாக்குறா?" என்றாள். "அன்னைக்கிச் சந்தையில குடிச்சிருக்கணும்."

சொம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடியும் முறத்தை எடுத்தாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.